பருவக்காற்றும் கருநாடகப் போர்களும்

கருநாடகப் போர்களைப் பற்றிப் பள்ளியில் படிக்காதவர் இவ்விதழின் வாசகர்களுள் எவரும் இரார். முதற்போர் 1746 முதல் 1748 வரை; இரண்டாம் போர் 1749 முதல் 1754 வரை; மூன்றாம் போர் 1758 முதல் 1763 வரை. ‘டூப்ளேயின் தோல்விக்குக் காரணங்கள் யாவை?’ என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடையெழுதித் தேறி வந்தவர்களே நாம் அனைவரும். அவ்விடையில் டூப்ளேயின் பேராசை, கிளைவின் துணிவு, லாலியின் முன்கோபம், பிரெஞ்சு அரசின் அசட்டை என்று வரிசையாகக் காரணங்கள் இருக்கும். காற்று இராது.

இயற்பியல் படிக்கும் மாணவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று வரலாற்றுத் துறை நண்பர்கள் கேட்கலாம். நான் நூலகத்தில் இப்போர்களைப் பற்றிய நூல்களைப் புரட்டியபோது ஆட்களின் பெயர்களைவிடத் தேதிகளையே அதிகம் கவனித்தேன். ஆடி, ஆவணியில் கப்பற்படைகள் கரைக்கு வருகின்றன. புரட்டாசியில் முற்றுகை மும்முரமாகிறது. ஐப்பசி பிறந்ததும் கப்பல்கள் ஓடுகின்றன, அல்லது மூழ்குகின்றன. தையில் மறுபடியும் தொடங்குகிறது. ஒரு முறையன்று, இரண்டு முறையன்று. நாற்பதாண்டுக் காலம் இதுவே நடந்திருக்கிறது. ஒரே கருவி மீண்டும் மீண்டும் ஒரே அளவைக் காட்டினால் அதன் பின்னே ஒரு விதி இருக்க வேண்டும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் கற்பிக்கிறார்கள். அந்த விதியைத் தேடியதே இக்கட்டுரை.

முதலில் கரையைப் பார்ப்போம். சோழமண்டலக் கரை நெடுகிலும் பெருங்கப்பல் ஒதுங்கி நிற்கத்தக்க இயற்கைத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரை நேர்கோடு கிழித்தாற்போன்ற மணற்கரை. ஆற்று முகத்துவாரங்களையெல்லாம் மணல் திட்டு அடைத்து நிற்கும். ஆங்கிலக் கும்பினியார் 1639-இல் சென்னையில் இடம் பெற்றார்கள். 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு போய் விழுந்ததோ அதுவரை உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்பது விலைப்பேச்சு. அவ்வூர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயர் வழங்கியது. பிரெஞ்சுக்காரர் 1674 முதல் புதுச்சேரியிலும், 1739 முதல் காரைக்காலிலும் இருந்தனர். இத்தனை ஊர்களில் எதிலும் கப்பலைக் கரையோடு கட்ட முடியாது.

ஆகவே கப்பல் கரைக்கு ஒரு மைலுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். இடையிலே மூன்று வரிசை அலை. அந்த அலையில் ஐரோப்பியரின் ஆணியடித்த படகு ஒரு நாழிகை தாங்காது. நம் நாட்டார் ஓட்டிய சலங்குகள்தாம் தாங்கின. சலங்கு என்பது பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. மசூலாப் படகு என்றும் சொல்வர். ஆணி இல்லாததால் அலை மோதும்போது அது வளைந்து கொடுக்கும், உடையாது. விறைப்பான பொருள் முறிகிறது, நெகிழும் பொருள் ஆற்றலை ஏற்றுக்கொள்கிறது என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. டூப்ளே, கிளைவ், லாலி ஆகிய எல்லோரும் இந்த மண்ணில் கால் வைத்தது இப்படகுகளிலிருந்து இறங்கித்தான். பீரங்கி, மருந்து, வெள்ளிக்கட்டி எல்லாம் வந்ததும் இவற்றிலேதான். படகோட்டிகள் வரமாட்டோம் என்றால் கடலில் நிற்கும் படை கடலிலேயே நிற்க வேண்டியதுதான். நம் பாடநூலில் இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

இனிக் காற்றைப் பார்ப்போம். கோடையில் நிலம் காய்ந்து அதன்மேல் உள்ள காற்று இலேசாகி எழ, கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது; மாரியில் இது மாறி நடக்கிறது என்பது நாம் அறிந்ததே. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. எங்கள் கரையில் அதைக் கச்சான் என்போம். அக்டோபர் நடுவில் அது நின்று வாடை தொடங்கும். 1686-ஆம் ஆண்டிலேயே எட்மண்ட் ஹாலி என்னும் அறிஞர் இக்காற்றுகளைக் காட்டும் படம் ஒன்றை வெளியிட்டார். எனவே மாலுமிகளுக்குப் பருவக்காற்று புதிதன்று. மொரீசியசுத் தீவிலிருந்து புதுச்சேரிக்கு வரும் பிரெஞ்சுக் கப்பல் கச்சான் காற்றைப் பிடித்துக்கொண்டு வரும். வாடை பிறந்தபின் திரும்பும். அவர்களுக்குப் புரியாதிருந்தது புயல்.

வங்கக் கடலில் புயல் இரு பருவங்களில் எழுகிறது: சித்திரை, வைகாசியில் ஒருமுறை, ஐப்பசி முதல் மார்கழி வரை மறுமுறை. காற்றழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து காற்று ஓடுகிறது. பூமி சுழல்வதால் வடகோளத்தில் ஓடும் காற்று வலப்புறமாக விலகுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து காற்று மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்த மையம் உமது இடக்கைப்புறம் இருக்கும் என்ற விதியை பைஸ் பாலட் 1857-இல்தான் வெளியிட்டார். ‘சைக்ளோன்’ என்ற சொல்லையே கல்கத்தாவிலிருந்த பிடிங்டன் 1848-இல்தான் உண்டாக்கினார். நாம் பேசும் போர்களோ அதற்கு நூறாண்டு முந்தியவை.

நமது கரைக்கு இவ்விதியைப் பொருத்திப் பாருங்கள். புயல் கிழக்கேயிருந்து வருகிறது. முதலில் கரையிலே வாடை பலமாகும். பிறகு புயல் கரை ஏறும் இடத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கொண்டலாகத் திரும்பி, கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். தெற்கே உள்ள ஊர்களில் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். பாய்மரக் கப்பலால் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. அக்காலத்துப் போர்க்கப்பல், காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 67 பாகை விலகித்தான் போகும். அப்போதும் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போகும். வாடை வீசும்போது அது கிழக்கே ஓடிப் பிழைக்கலாம். காற்று கொண்டலாகிவிட்டால் பின்னே கரை, முன்னே காற்று. நங்கூரக் கயிறு அறுந்த கணமே கப்பல் மணலில். எழுதப் படிக்கத் தெரியாத என் தகப்பனாரிடம் இதைப் படம் போட்டுக் காட்டினேன். வாடை தலையைத் திருப்புகிறது என்றால் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை, இதற்கு எதற்குப் படம் என்றார். அவர் சொன்னதும் பைஸ் பாலட் சொன்னதும் ஒன்றே. அவருக்கு அது பயன்படுகிறது. எனக்குத் தேர்வில் வருகிறது.

இப்போது 1746-க்கு வருவோம். ஐரோப்பாவில் ஆஸ்திரிய அரசுரிமைப் போரில் இங்கிலாந்தும் பிரான்சும் எதிரெதிர்க் கட்சி. மொரீசியசுக் கவர்னர் லா போர்தொனே கப்பற்படை ஒன்றைத் திரட்டிக்கொண்டு வந்து, நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலக் கப்பல்களோடு மோதினார். ஆங்கிலத் தளபதி பேட்டன் கரையை விட்டு விலகிப் போனார். செப்டம்பரில் சென்னை சரணடைந்தது. சில நூல்களில் சரணடைந்த நாள் 10 என்றும், சிலவற்றில் 21 என்றும் இருப்பதைப் பார்த்து நண்பர்கள் மலைக்க வேண்டாம். ஆங்கிலேயர் 1752 வரை பழைய பஞ்சாங்கத்தையே கையாண்டனர். அது பிரெஞ்சுக்காரர் பஞ்சாங்கத்துக்குப் பதினொரு நாள் பின்தங்கியது. டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இவ்விரண்டு குழப்பமும் இல்லாமல் அட்சய வருஷம் என்று தமிழ்க் கணக்கும் இருக்கும்.

சென்னையைப் பதினொரு லட்சம் வராகனுக்கு ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பது என்று லா போர்தொனே பேசி முடித்தார். டூப்ளே ஒப்பவில்லை. கடிதத்துக்குக் கடிதம், தூதுக்குத் தூது என்று சண்டை நீண்டது. நீண்டுகொண்டே ஐப்பசி வந்துவிட்டது. அக்டோபர் 13-ஆம் நாள் இரவு சென்னைக் கடலில் நின்ற அவர் கப்பல்களைப் புயல் பிடித்தது. சில கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின; மிஞ்சியவை பாய்மரம் முறிந்து நின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கு. நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலேயரால் செய்ய முடியாததை ஒரே இரவில் காற்று செய்தது. லா போர்தொனே ஊர் திரும்பிப் பாரிசில் பாஸ்டில் சிறையில் அடைபட்டார். வழக்கில் குற்றமற்றவர் என்று விடுதலையான இரண்டாண்டில், 1753-இல், இறந்து போனார். கடலில் பலம் இழந்த டூப்ளே பின்னர் தேவனாம்பட்டினத்தைப் பிடிக்க எத்தனை முறை முயன்றும் கூடவில்லை.

அதற்குள் நிலத்தில் அடையாற்றங்கரையில் ஒரு சண்டை நடந்தது. நவாப் அன்வாருதீனின் மகன் மாபூஸ்கான் சுமார் 10,000 பேரோடு நிற்க, பாரடிஸ் என்னும் பிரெஞ்சு அதிகாரி சுமார் ஆயிரம் பேரோடு ஆற்றில் இறங்கிக் கடந்து அவர்களைச் சிதறடித்தார். அந்த ஆயிரத்தில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே என்பதைச் சொல்லாமல் ‘ஐரோப்பியப் படை வென்றது’ என்று எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

1748-இல் ஆங்கிலேயர் பழிவாங்க வந்தனர். பாஸ்கவன் என்ற கடற்படைத் தலைவர் பெரும் படையோடு ஆகஸ்டில் புதுச்சேரியை முற்றுகையிட்டார். சேற்று நிலத்தில் பீரங்கி மேடு கட்டியே நாள் கழிந்தது. அக்டோபரில் மழை இறங்கியதும் மூட்டை கட்டினார். போரிலும் நோயிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐரோப்பியரை இழந்திருந்தார். கப்பல்களாவது மிஞ்சினவே என்றால், 1749 ஏப்ரலில், அதாவது சித்திரைப் புயலில், தேவனாம்பட்டினத்துக்கு அருகே அவருடைய ‘நாமூர்’ என்னும் 74 பீரங்கிக் கப்பல் 500-க்கு மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. ‘பெம்புரோக்’ என்ற மற்றொரு போர்க்கப்பலும் அழிந்தது. பாஸ்கவன் அன்று கரையில் இருந்ததால் உயிர் தப்பினார்.

அப்போது ஐரோப்பாவில் சமாதானம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரர் சென்னையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஈடாக, கனடாக் கரையிலுள்ள லூயிபூர்க் கோட்டையை ஆங்கிலேயர் திருப்பிக் கொடுப்பார்கள். 1745-இல் ஆங்கிலேயர் பிடித்த அக்கோட்டை பனியும் மூடுபனியும் சூழ்ந்த மீன்பிடி ஊர். அதற்கும் நமது மயிலாப்பூருக்கும் என்ன தொடர்பு? இருவரும் பூகோளப் படத்தைச் சதுரங்கப் பலகையாகக் கருதினார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. சென்னையில் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லூயிபூர்க் மீனவர்களையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் போரை நான் விரைவாகக் கடந்து செல்கிறேன். ஆம்பூர்ச் சண்டை, ஆற்காட்டு முற்றுகை, திருச்சிராப்பள்ளி எல்லாம் எல்லோரும் அறிந்தவை. 1751-இல் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்டு கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததிலும் வானத்துக்குப் பங்குண்டு. இடியும் மழையுமாகக் கொட்டும்போது நிற்காமல் நடந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டே கோட்டையில் இருந்தவர்கள் வெளியேறிவிட்டனர். ஆனால் நான் குறிப்பிட விரும்புவது வேறு. 1749 முதல் 1754 வரை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சட்டப்படி சமாதானம். சந்தா சாகிபுக்குத் துணை என்று ஒருவரும், முகம்மது அலிக்குத் துணை என்று மற்றவரும் நிலத்திலே சண்டையிட்டனர். கடலிலே ஒருவர் கப்பலை மற்றவர் தொடவில்லை. டூப்ளேயின் கொடி உயரப் பறந்ததெல்லாம் இந்த ஆண்டுகளின் முற்பகுதியில்தான். கடற்படை கணக்கில் வராத காலத்தில் அவருக்கு யாரும் ஈடில்லை எனலாம். 1752-இல் திருவரங்கத்தில் அவர் படை சரணடைந்தது. செலவுக்கு அஞ்சிய பிரெஞ்சுக் கும்பினி 1754-இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

மூன்றாம் போரில் கடல் மறுபடியும் கணக்கில் வந்துவிட்டது. 1758 ஏப்ரல் கடைசியில் லாலி புதுச்சேரியில் இறங்கினார். சூன் 2-இல் தேவனாம்பட்டினக் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். அடுத்த அடி சென்னை. ஆனால் கப்பற்படைத் தலைவர் தாஷே உடன் வர மறுத்தார். கையில் பணமும் இல்லை. சந்தா சாகிப் காலத்தில் தஞ்சை மன்னர் எழுதிக் கொடுத்த 56 லட்சம் ரூபாய்க் கடன்சீட்டு ஒன்று இருந்தது. அதை வசூலிக்க லாலி தஞ்சைக்குக் கிளம்பினார். வண்டி மாடு இல்லை, ஆள் இல்லை என்று குடிமக்களைச் சாதி பாராமல் பிடித்து வண்டி இழுக்கச் செய்தார். கீவளூர்க் கோயிலில் பொன் தேடினார்; அங்கிருந்த பிராமணர் ஆறு பேரை ஒற்றர் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். தஞ்சை பணியவில்லை. ஆகஸ்டு 3-இல் தாஷே கடலில் தோற்றார் என்ற செய்தி வந்ததும் லாலி திரும்பினார். செப்டம்பர் முதல் வாரத்தில், எவ்வளவு மன்றாடியும் கேளாமல், தாஷே மொரீசியசுக்குப் பாய் விரித்துவிட்டார்.

பருவம் நெருங்கும்போது கப்பற்படை இக்கரையை விட்டுப் போவதில் தவறில்லை, ஆங்கிலேயரும் போனார்கள். எங்கே போனார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. ஆங்கிலேயருக்குப் பம்பாய் இருந்தது. காற்று புகாத இயற்கைத் துறைமுகம். கப்பலை நீரிலிருந்து பிரித்துப் பழுது பார்க்கும் கட்டுமானத் துறையும் அங்கே அமைந்திருந்தது. பிரெஞ்சுக்காரர் 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் மொரீசியசுக்குப் போக வேண்டும். அந்தத் தீவில் மாலுமிகளுக்குப் போதிய உணவுகூட விளையாது. அங்கிருந்து திரும்பவும் கச்சான் பிறந்தால்தான் வர முடியும். ஆகவே ஆண்டுதோறும் புதுச்சேரி மாதக்கணக்கில் கப்பலின்றிக் கிடந்தது. சென்னைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. காற்று இருவருக்கும் பொதுவாகத்தான் அடித்தது. ஒதுங்க இடமுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே மழையா?

1758 டிசம்பர் 14-இல் லாலி சென்னையைச் சூழ்ந்தபோது இந்தக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதம் கோட்டையைச் சுட்டார். வெளியே யூசுப்கானின் சிப்பாய்கள் அவருக்கு வரும் பொருள்களை மறித்தனர். (எந்த ஆங்கிலேயருக்காக உழைத்தாரோ அவர்களே 1764-இல் மதுரையில் யூசுப்கானைத் தூக்கிலிட்டனர்.) கோட்டைச் சுவர் இடிந்து வழி உண்டான நிலையில், 1759 பிப்ரவரி 16-ஆம் நாள் மாலை ஆறு கப்பல்கள் கண்ணில் பட்டன. அவை பம்பாயிலிருந்து வந்த ஆங்கிலக் கப்பல்கள். மறுநாள் லாலி போய்விட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் தாஷே வந்து ஒரு சண்டையிட்டார்; சில நாளில் மொரீசியசுக்குத் திரும்பினார். அதன்பின் அவர் வரவே இல்லை.

1760 ஜனவரி 22-இல் நடந்த வந்தவாசிப் போரைத் தலைவிதியை முடிவு செய்த போர் என்று பாடநூல் கூறும். அயர் கூட் வென்றார், புஸ்ஸி சிறைப்பட்டார் என்பவை உண்மையே. வங்காளத்தின் வருவாய் 1757-க்குப் பின் ஆங்கிலேயர் கையில் இருந்ததும் பெருங்காரணமே. லாலியின் சிப்பாய்கள் சம்பளம் இன்றிக் கலகம் செய்த நாளில் எதிரியின் சிப்பாய்களுக்குச் சம்பளம் வந்தது. ஆயினும் லாலி வந்தவாசியில் வென்றிருந்தாலும் அரிசிக்கும் ஆளுக்கும் கடலைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். கடல் வெறுமையாக இருந்தது. ஆகையால் முடிவு தாஷே திரும்பிய அன்றே ஆகிவிட்டது என்பது என் கருத்து. வரலாற்றுப் பேராசிரியர்கள் இதை மறுக்கலாம், மறுத்தால் மகிழ்வேன்.

பிறகு நடந்தது புதுச்சேரி முற்றுகை. நிலத்தில் கூட், கடலில் ஆங்கிலக் கப்பல்கள். நகருக்குள் அரிசி தீர்ந்துகொண்டு வந்தது. 1760 நவம்பர் இறுதியில் லாலி, போருக்குப் பயன்படாத நம் நாட்டு மக்களை, வீட்டு வேலைக்காரர் சிலர் நீங்கலாக, நகரை விட்டு வெளியேற்றினார். ஆண், பெண், குழந்தைகள் என்று 1,400 பேர். அவர்கள் எல்லை வேலியை அடைந்தபோது ஆங்கிலச் சிப்பாய்கள் உள்ளே திரும்பிப் போகும்படி விரட்டினர். பசித்த வாய்கள் உள்ளே இருந்தால்தானே அரிசி சீக்கிரம் தீரும்! அவர்கள் திரும்பி மதிலருகே வந்தபோது பிரெஞ்சுக்காரர் மேலேயிருந்து சுட்டனர், சிலர் செத்தனர். இரு படைக்கும் நடுவே எட்டு நாள் கிடந்தார்கள். காலம் கார்த்திகை; மேலே கூரை இல்லை. புல்லின் வேரைத் தோண்டித் தின்றார்கள். எட்டாம் நாளுக்குப் பின்னரே கூட் அவர்களைப் போகவிட்டார். இது ஆங்கில வரலாற்று நூலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை பீரங்கி, எத்தனை வீரர் என்று ஒன்றுவிடாமல் எண்ணியவர்கள் இவர்களையும் ஒருமுறை எண்ணினார்கள். ஒரு பெயரைக்கூடக் குறிக்கவில்லை. லாலியை முன்கோபி என்றும், கூட்டைத் திறமைசாலி என்றும் விடையெழுதும்போது இந்த 1,400 பேரை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

1761 ஜனவரி முதல் நாள் புதுச்சேரிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வழக்கமாக இப்பருவத்தில் ஓடிவிடும் ஆங்கிலக் கப்பல்கள் அவ்வாண்டு முற்றுகைக்காகக் கடலிலேயே நின்றன. அன்றிரவு மார்கழிப் புயல் அடித்தது. தலைவர் ஸ்டீவன்ஸ் நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு நடுக்கடலுக்கு ஓடினார், பிழைத்தார். காற்று திரும்புமுன் ஓட வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். கரையோரம் அகப்பட்ட கப்பல்களுள் சில கவிழ்ந்தன; சில கரையில் மோதின. சுமார் 1,100 பேர் மாண்டனர். நிலத்தில் ஆங்கிலேயரின் கூடாரங்கள் பறந்தன, மருந்து நனைந்தது. மறுநாள் கடலில் தடுப்பார் இல்லை. உடனே படகுகளில் அரிசி அனுப்பும்படி பழவேற்காட்டிலிருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிக்கு லாலி கடிதம் எழுதினார். அரிசி வரவில்லை. சில நாளில் ஸ்டீவன்ஸ் திரும்பிவிட்டார். வேறு கப்பல்களும் வந்து சேர்ந்தன. மூழ்கிய கப்பலுக்கு மாற்றுக் கப்பல் உள்ளவனைப் புயல் தோற்கடிக்காது. 1746-இல் லா போர்தொனேயிடம் மாற்று இல்லை; 1761-இல் ஸ்டீவன்சிடம் இருந்தது. இரண்டு புயலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இப்போர்களின் முழுக் கணக்கும் அதிலே அடங்கும்.

ஜனவரி 12-இல் ஆனந்தரங்கப் பிள்ளை நகருக்குள்ளேயே காலமானார். நான்கு நாள் கழித்து நகரில் ஆங்கிலக் கொடி ஏறியது. பிரெஞ்சுக்காரர் தேவனாம்பட்டினத்துக்குச் செய்ததை ஆங்கிலேயர் புதுச்சேரிக்குச் செய்தனர். கோட்டையும் மதிலும் மாளிகைகளும் இடிக்கப்பட்டன. லாலிக்குப் பாரிசில் 1766-இல் தலை போயிற்று. 1763-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி இடிபாடுகள் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தன.

துறைமுகத்தின் அருமையை அவர்களுள் ஒருவர் பின்னால் உணர்ந்தார். அவர் சுப்ரான் என்னும் கடற்படைத் தலைவர். 1782 ஆகஸ்டு இறுதியில் அவர் திருகோணமலையைப் பிடித்தார். அது எக்காற்றுக்கும் ஒதுங்கத்தக்க பெருந்துறை; நமது கரையிலிருந்து சில நாள் ஓட்டமே. அவ்வாண்டு மழைக்காலத்தில் அவர் மொரீசியசுக்குப் போகாமல் சுமாத்திராவின் அச்சேயில் தங்கி, வெகு சீக்கிரம் திரும்பினார். இந்த யோசனை இருபத்தைந்து ஆண்டுக்கு முன்னரே தாஷேக்குத் தோன்றியிருந்தால் நாம் பிரெஞ்சு மொழியில் பாடம் படித்துக்கொண்டிருப்போமோ என்னவோ. சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கியது அதற்கும் ஒரு நூற்றாண்டு கழித்துத்தான். அதன் புதுச் சுவர்களையும் 1881-ஆம் ஆண்டுப் புயல் ஒருமுறை உடைத்துப் பார்த்தது.

கடைசிச் சண்டை எங்கள் கடலூரில் நடந்தது. 1783-இல் முதிர்ந்த வயதில் புஸ்ஸி கோட்டைக்குள் இருந்தார். ஜெனரல் ஸ்டூவர்ட் வெளியே சூழ்ந்து நின்றார். சூன் 13-இல் நிலத்தில் பெருஞ்சண்டை. சூன் 20-இல் கடலில் சுப்ரான் 15 கப்பல்களோடு, 18 கப்பல்கள் கொண்ட ஆங்கிலத் தலைவர் ஹியூசை எதிர்த்தார். ஆள் போதாமல் புஸ்ஸியின் படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஹியூஸ் சென்னைக்கு விலகிப் போனார். சூன் 25-இல் புஸ்ஸியின் படை கோட்டையிலிருந்து பாய்ந்து வந்து மறுபடியும் மோதியது. இரு பக்கமும் ஆட்கள் விழுந்தனர். மாதக் கடைசியில் சென்னையிலிருந்து வெள்ளைக் கொடியோடு ஒரு கப்பல் வந்து செய்தி சொன்னது. இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டு விட்டனவாம். கையெழுத்திட்ட நாள் ஜனவரி 20. அச்செய்தி கடலூர் வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.